பள்ளி போகாத பாட்டிக்கும் ஒரு பரிசோதனை

“ரத்தம் எடுத்தால் மறதி நோய் தெரிந்துவிடுமாமே, அண்ணே?” மலாக்காவின் ஆயர் குரோ பக்கம் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், வயதான பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கிற கேள்வி இது. ஓரளவு தெரியும். யாருக்கு, எப்போது எடுக்க வேண்டும் என்பதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும். தே ஓ ஆறிப்போனால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் இரண்டு புரதங்கள் மூளையைக் கெடுக்கின்றன. அமிலாய்டு, நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டாவ் உள்ளே இருப்பது. ரப்பர்ப் பால் மரத்தில் கோப்பையைப் பிடித்திருக்கும் கம்பியைப் போல, நரம்பணுவின் உள்ளமைப்பைச் சாயாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அமிலாய்டு படியப் படிய, டாவில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டுகிறது, பிடி தளர்கிறது. 217ஆவது இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய டாவ் துளியளவு ரத்தத்திலும் கலக்கிறது. பீ-டாவ் 217 என்பது இதுதான்.

முன்பு அல்சைமரை உறுதிசெய்ய முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் விலை கூடிய பெட் ஸ்கேன். 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, மறதிக்கான அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். 499 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில், ‘இருக்கிறது’ என்று வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேருக்கு மூளையில் அமிலாய்டு இருந்தது. ‘இல்லை’ என்று வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேருக்கு இல்லை. ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு இரண்டும் சொல்ல முடியாத முடிவு வந்தது.

சுவீடனில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. 1,213 நோயாளிகள். ரத்தப் பரிசோதனை சுமார் 91 சதவீதம் சரியாகச் சொன்னது. அது இல்லாமல், சாதாரண கிளினிக் மருத்துவர்கள் 61 சதவீதமும் மறதி நோய் வல்லுநர்கள் 73 சதவீதமும்தான் சரியாகக் கணித்தார்கள்.

நம் தோட்டத்துக் கிழவிகளை நினைத்துத்தான் இந்த ரத்தப் பரிசோதனையை வலியுறுத்துகிறேன். ஒரு பாட்டி, இளமை முழுக்கப் பால் வெட்டியவர். பென்சிலைப் பிடித்ததே இல்லை. நினைவாற்றல் சோதனைக்காக அவரிடம் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னால், வராத கோடு நோயினாலா, பழக்கம் இல்லாததாலா? மலேசியாவின் 2018 தேசிய சுகாதார ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. பள்ளி போகாதவர்களிடம் இன்னும் அதிகம். சிங்கப்பூர் நரம்பியல் மருத்துவர் நாகேந்திரன் கந்தையாவின் குழு, மொழி தடையாகாமல் படங்களைக் கொண்டே நினைவாற்றலை அளக்கும் வீகேட் சோதனையை உருவாக்கியது இது போன்ற சிக்கலுக்காகத்தான். ரத்தமோ எழுத்தும் கேட்காது, மொழியும் கேட்காது.

ஆனால் நம் வீடுகளில் இனிப்புநீரும் சிறுநீரகக் கோளாறும் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் பீ-டாவ் அளவு தானாகவே ஏறும்; அல்சைமர் இல்லாதவருக்கும் ஏறும். உடல் பருமன் அதைக் குறைத்துக் காட்டும். பீ-டாவை மட்டும் பார்க்காமல், அமிலாய்டு அளவோடு வைத்து விகிதமாகக் கணக்கிடும் முறை இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. முழுக்கப் போக்குவதில்லை.

ஆகவே அறிகுறியே இல்லாத நாற்பது வயதுக்காரர் பயத்தில் ஓடிப்போய் எடுக்கத் தேவையில்லை. அப்பாவுக்கு மறதி என்றால் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். மருத்துவரிடம் போகும்போது சிறுநீரகப் பரிசோதனை முடிவையும், சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் கையோடு கொண்டுபோங்கள். ‘வயசானா அப்படித்தான்’ என்று மட்டும் வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.