பாட்டில் பச்சை: அன்றும் இன்றும்

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டினத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஜவுளிக்கடை ஏறினால், "பாட்டில் பச்சையில காட்டுங்க தம்பி" என்பார்கள். கூட வந்த மகள் "டார்க் கிரீன்" என்பாள். பேத்தி போனை நீட்டி "இந்தக் கலர்" என்பாள். மூன்று தலைமுறையும் கேட்பது ஒரே சேலையைத்தான். ஆனால் கடைக்காரர் சரியான அடுக்கில் கை வைப்பது முதல் ஆள் சொன்னதைக் கேட்டுத்தான்.

கரும்பச்சை என்பது ஒற்றை நிறமல்ல, ஒரு குடும்பம். மஞ்சள் ஓடிய மங்கல் பச்சைக்குப் பாசிப்பச்சை என்று பெயர். பழுப்புச் சாயலோடு இருந்தால் மருதாணிப் பச்சை. நீலம் கலந்து, நிழலில் கறுப்பாகவும் வெயிலில் பச்சையாகவும் தெரிவதே பாட்டில் பச்சை. எவ்வளவு அழுத்தம், உள்ளே எந்தச் சாயல் என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிடும் பெயர்கள் இவை.

பாட்டிலுக்கு அந்த நிறம் வந்ததற்குக் காரணம் மணல். கண்ணாடி உருக்கும் மணலில் இரும்புச் சத்து இருந்தால் கண்ணாடி பச்சையாகும்; இரும்பு கூடினால் பச்சையும் அடர்ந்து கறுக்கும். அந்தக் கண்ணாடியின் நிறம்தான் சேலைக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்தப் பச்சையைத் துணியில் ஏற்றுவது முன்பு எளிதாக இருக்கவில்லை. அழுத்தமான பச்சையை ஒரே முக்கில் தரும் செடி சாயக்காரரிடம் கிடையாது. முதலில் அவுரித் தொட்டியில் முக்கி நீலம் ஏற்ற வேண்டும். காற்றுப்பட்டு நீலம் பிடித்த பிறகு அதன் மேல் மஞ்சள் ஏற்ற வேண்டும். கரும்பச்சை வேண்டுமானால் அவுரியில் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலுக்கு நிற்காது. அதனால் பச்சை என்று வாங்கிய துணி நாளாக நாளாக நீலமாகத் திரும்பிவிடும். நின்று பிடிக்கும் கரும்பச்சை அந்தக் காலத்தில் உழைப்பின் நிறம், பணத்தின் நிறம்.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1920இல் ஸ்காட்லாந்தில் 'ஜேட் கிரீன்' என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலுக்கும் சலவைக்கும் அசையாத பச்சை ஒரே சாயத்தில் கிடைத்தது அப்போதுதான். இப்படிப்பட்ட சாயங்கள் பரவியபின் கரும்பச்சை எல்லா வீட்டுக்கும் வந்தது. அது ஏழைக்கும் எட்டியது வேதியியல் செய்த நன்மை, அதை மறுக்கக்கூடாது.

நிறம் எல்லோருக்கும் வந்தபோது அதன் மங்கலமும் கூடவே வந்தது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் பச்சைப் பட்டுடுத்தி வைகையில் இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது மதுரைப் பக்கத்து நம்பிக்கை. எல்லை தாண்டினால் கர்நாடகத்தில் மணப்பெண் கைக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் கட்டாயம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் இந்த மாவட்டத்தில் நிறம் கேட்பதற்கும் ஒரு நிதானம் வேண்டும். தெலுங்கில் 'பசுப்பு பச்ச' என்றால் மஞ்சள், 'ஆக்கு பச்ச' என்றால்தான் நம் பச்சை. வெறும் 'பச்ச' என்றால் போதாது. பொருளின் பெயரையும் சேர்த்தால்தான் நிறம் பிடிபடும்.

பச்சைக்குப் பச்சை வேறுபாடு அறிவது மாந்தோப்புக்காரர்களுக்குத் தொழில் பாடம். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய், பிஞ்சில் கரும்பச்சையாக இருக்கும். முற்ற முற்ற அந்தக் கறுப்பு விலகித் தோல் வெளிறும், காம்படித் தோள் மேலெழும்பும். அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் காய் பறிக்கிறார்கள். ஒரு வாரம் முந்திப் பறித்தாலும் இனிப்பு குறையும்.

இன்று கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர்ப் பக்கம் போனால் நிறம் எண்ணாகிவிடுகிறது. அசோக் லேலண்டு ஆலையும் டி.வி.எஸ். 50 வண்டியும் 1980 வாக்கில் வந்தபின் வளர்ந்த ஊர் அது. பெயின்ட் அடிக்கும் ஆலையில் "கரும்பச்சை" என்று சொன்னால் வேலை நடக்காது. அங்கே கேட்பது எண். ஜெர்மனியில் 1927இல் நாற்பது நிறங்களோடு தொடங்கிய 'ரால்' அட்டை இப்போது உலகெங்கும் புழங்குகிறது. அடித்த பெயின்ட்டை நிறமானியில் வைத்து, மாதிரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கிறார்கள். இன்று அடித்த கதவும் அடுத்த மாதம் அடிக்கும் கதவும் ஒன்றுபோல இருக்க வேறு வழியில்லை.

அந்த அட்டையில் 6007 என்ற எண்ணுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் பாட்டில் பச்சை. 6005 பாசிப்பச்சை. அத்தனை துல்லியமான அட்டையும் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. நாமோ கடையில் பெயரை விட்டுவிட்டோம், எண்ணையும் பிடிக்கவில்லை. நடுவில் நிற்பது "டார்க் கிரீன்" என்ற பொத்தாம்பொதுவான சொல். அதற்குள் பாசியும் மருதாணியும் பாட்டிலும் அடையாளம் இழந்து கிடக்கின்றன.

போன் திரையை நம்பி வாங்குபவர்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு பச்சையைக் காட்டும். கரும்பச்சைதான் இதில் அதிகம் ஏமாற்றும்; மஞ்சள் விளக்கில் அது கறுப்பாகவே தெரியும். பழைய கடைக்காரர்கள் இதை அறிந்தவர்கள். "வாசலுக்கு வாங்கக்கா, வெளிச்சத்துல பாருங்க" என்று சேலையின் முந்தானையை மட்டும் பிரித்து, தெருவெளிச்சத்தில் மடிப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். மடிப்பின் உள்ளே கறுப்பும் முகட்டில் பச்சையும் ஓடினால் "இதான் பாட்டில் பச்சை" என்று முடித்துவிடுவார்கள். அளவைக்கூடம் வைத்து ஆலை செய்வதை அவர்கள் வாசல்படியில் செய்தார்கள்.

ஆலைக்கு எண் வேண்டும், அது இருக்கட்டும். வீட்டுக்கும் கடைக்கும் பெயர் வேண்டும். அடுத்த முறை துணி எடுக்கும்போது பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டி வாருங்கள். இது பாசி, இது மருதாணி, இது பாட்டில் என்று கையில் கொடுத்துக் காட்டுங்கள். பெயர் தெரிந்த பிள்ளைக்கு நிறமும் தெரியும்.