பாரிஸின் மணியும் புதுச்சேரியின் மணியும்

1962இல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி நீங்கியபொழுது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் சந்ததியார் இன்றும் புதுச்சேரியிலும் பாரிஸிலுமாகப் பிரிந்து வாழ்வதால், இரு நகரங்களின் நேரத்தையும் பிழையின்றிக் கணிக்கும் கணினி நிரல் இங்கே அன்றாட அவசியமாகும்.

பாரிஸில் நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்பொழுது, குளிர்காலத்தில் புதுச்சேரியில் மாலை 4.30, கோடையிலோ 3.30. ஏன் இந்த பேதம்? கோடைப் பகலின் வெளிச்சத்தை மாலையில் கூடுதலாக அனுபவிக்கும்பொருட்டு, ஐரோப்பியர் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே திருப்புகின்றனர். சர்வதேச நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்ட இந்திய நேரமோ ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.

இதனால் விளையும் விசித்திரத்தைப் பாருங்கள். 2026 மார்ச் 29 அன்று பாரிஸ் கடிகாரம் 2 மணியிலிருந்து நேரே 3 மணிக்குத் தாவுவதால் அதிகாலை 2.30 என்பதே இராது. அக்டோபர் 25 அன்றோ அதே 2.30 இருமுறை வரும்: முதலாவது நமது காலை 6 மணிக்கு, இரண்டாவது 7 மணிக்கு. எந்த 2.30 என்பதை நிரலுக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

எப்படிக் கையாள்வது? நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சர்வதேச நேரத்தில் பதிந்து, காட்டும்பொழுது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுதல் உத்தமம். வருங்காலச் சந்திப்புக்கோ, உள்ளூர் நேரத்தோடு ‘ஐரோப்பா/பாரிஸ்’ என்னும் மண்டலப் பெயரையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். வித்தியாசத்தை மட்டும் எண்ணாகச் சேமித்தால், பருவமோ சட்டமோ மாறும்பொழுது கணக்குப் பிழைபடும். யுத்தகாலத்தில், 1942 முதல் 1945 வரை, பிரிட்டிஷ் இந்தியாவின் கடிகாரமும் ஒரு மணி முன்னே ஓடியதன்றோ! இம்மாற்றங்களையெல்லாம் தொகுத்துவைத்திருக்கும் பொது நேரமண்டலத் தரவுத்தளத்தை நம்புங்கள்; அதை அவ்வப்போது புதுப்பியுங்கள்; நாலரை மணியைக் கையால் கூட்டும் வழக்கத்தை இன்றோடு விட்டொழியுங்கள்.