மஞ்சள் பெயிண்டுக்கு அடியில்

காலை ஆறரை மணிக்கே கிரஷர் யார்டில் டிப்பர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. லோடர் ஜல்லிக் குவியலுக்குள் பக்கெட்டை நுழைத்து அள்ளுகிறது, பின்வாங்குகிறது, திரும்பி வந்து டிப்பரில் கொட்டுகிறது. சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு பக்கெட். இந்த ஒரு வண்டி படுத்துவிட்டால் டிப்பர்கள் நிற்கும். கட்டடத்தில் கான்கிரீட் வேலை நிற்கும். அன்றைய கூலியும் நிற்கும்.

புது லோடர் வாங்கப் போகும் சிறு கிரஷர் உரிமையாளருக்கு அதனால்தான் தூக்கம் வருவதில்லை. பேர்போன கம்பெனி வண்டியின் விலை அவருடைய கடன் வரம்பைத் தாண்டி நிற்கிறது. கேள்விப்படாத பெயரில் வரும் வண்டியோ கைக்கு எட்டுகிறது. "பேர் தெரியாத வண்டி, கிட்டயே போகாதீங்க" என்கிறார் ஒருவர். "எல்லாம் ஒரே இரும்புதான், துணிஞ்சு வாங்குங்க" என்கிறார் இன்னொருவர். இருவருமே பெயரை வைத்துப் பேசுகிறார்கள். வண்டியையே கேட்டுப் பதில் வாங்க வழி இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு சாக்பீஸ், கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு இருந்தால் போதும்.

பெயர்கள் இடம் மாறும்

லோடரைப் பேலோடர் என்று நாம் பொதுவாகச் சொல்வதே ஒரு கம்பெனியின் வணிகப் பெயர்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஹஃப் என்பவரின் நிறுவனம் அந்தப் பெயரில் லோடர்களை விற்றது. நான்கு சக்கரங்களும் இழுக்க, ஹைட்ராலிக் விசையால் பக்கெட் இயங்கும் அவர்களுடைய எச்.எம். மாடல் 1947-ல் வந்தது. இன்றைய லோடர்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

சீனாவில் லியூசோ நகரத் தொழிற்சாலை 1966-ல் தன் முதல் லோடரைச் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் இசட்.எல்.50 என்ற 5 டன் வடிவமைப்பு வந்தது. பிறகு அதே வடிவமைப்பை ஒட்டிச் சீனாவின் பல தொழிற்சாலைகள் தங்கள் தங்கள் பெயரில் வண்டி செய்தன. எனவே அறிமுகமில்லாத பெயர் கொண்ட லோடரின் உள்ளே அறிமுகமான எஞ்சினோ கியர்பாக்ஸோ இருக்க வாய்ப்பு உண்டு. நம் திருவள்ளூரிலேயே, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண்வாரி இயந்திர ஆலை 2000-ஆம் ஆண்டையொட்டி கேட்டர்பில்லர் கைக்கு மாறியது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எஞ்சின் யாருடையது, கியர்பாக்ஸ் யாருடையது, ஆக்ஸில் யாருடையது? வாய்மொழி போதாது. ஒவ்வொன்றின் மேலும் அடித்திருக்கும் தகட்டைப் படித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்மின்ஸ், வெய்ச்சாய் போன்ற எஞ்சின் என்றால், வண்டி விற்றவர் கடையை மூடினாலும் எஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பார்.

இரண்டு எண்கள்

நம்பகத்தன்மையைப் பொறியாளர்கள் இரண்டு எண்களால் அளக்கிறார்கள். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே வண்டி சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது முதல் எண். பழுதான வண்டி மறுபடி வேலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது இரண்டாவது.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். முதல் வண்டி 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகிறது. அதன் ஸ்பேர் கப்பலில் வரவேண்டும் என்பதால் 60 வேலை மணி வீணாகிறது. 360 மணியில் 300 மணி உழைப்பு, அதாவது 83 சதவீதம். இரண்டாவது வண்டி 150 மணிக்கே பழுதாகிறது. ஆனால் ஸ்பேர் பக்கத்து ஊரில் கிடைப்பதால் 6 மணியில் எழுந்துவிடுகிறது. 156 மணியில் 150 மணி உழைப்பு, 96 சதவீதம். இருமடங்கு அடிக்கடி பழுதாகும் வண்டிதான் அதிகம் சம்பாதித்துத் தருகிறது!

விளம்பரம் பேசுவதெல்லாம் முதல் எண்ணைப் பற்றி. கடன் வாங்கியவரைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இரண்டாவது எண்.

கிணற்றுத் துலாவின் கணக்கு

லோடர் என்பது சக்கரம் வைத்த துலா. கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் சால், மறுமுனையில் பாரம். லோடரில் முன் ஆக்ஸில்தான் தாங்குபுள்ளி. முன்னால் பக்கெட், அதை ஈடுகட்டப் பின்னால் எஞ்சினும் எதிர்எடை இரும்பும். பக்கெட்டில் பாரம் ஏற ஏற ஒரு கட்டத்தில் பின் சக்கரம் தரையைவிட்டு எழும். அந்த எடைதான் கவிழ்சுமை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. லோடர் நடுமூட்டில் மடங்கித் திரும்பும் வண்டி. முழுதாகத் திரும்பி நிற்கும்போது பின்பாரம் முன் ஆக்ஸிலின் கோட்டுக்கு நெருங்கிவிடுகிறது. துலாவின் கை குறுகிவிடுகிறது. அதனால் நேராக நிற்கும்போது 11 டன் தாங்கும் வண்டி, திரும்பும்போது 10 டன்தான் தாங்கலாம். ஐ.எஸ்.ஓ. 14397 என்ற சர்வதேசத் தரநிலை, பக்கெட் மாட்டிய லோடரின் வேலைச்சுமையை முழுத்திருப்பக் கவிழ்சுமையில் பாதிக்குமேல் கணக்கிட விடுவதில்லை. அந்த 10 டன்னில் பாதி 5 டன். அறிமுகமில்லாத கம்பெனியின் கேட்டலாகில் '5 டன்' என்று மட்டும் போட்டிருந்தால், அதன் முழுத்திருப்பக் கவிழ்சுமை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த 5 டன்னை நம்ப வேண்டியதில்லை.

பக்கெட்டையும் சரக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குவித்த ஜல்லி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். 3 கன மீட்டர் பக்கெட்டில் 4.8 டன் வரும். 5 டன் வண்டிக்குச் சரி. நனைந்த மணல் 1.9 டன் வரை போகும். அதே பக்கெட்டில் 5.7 டன்! மழைக்காலத்தில் ஆக்ஸிலும், மூட்டுகளில் இருக்கும் பின், புஷ்களும் சீக்கிரம் தேய்வதற்கு இந்தக் கூடுதல் பாரமும் ஒரு காரணம்.

நாடி பிடித்துப் பார்த்தல்

வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லும்போது, ஒரு மணி நேரம் வேலை செய்து எண்ணெய் சூடேறிய பிறகே சோதனை செய்யுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து கசிவை மறைத்துவிடும்.

பாரத்தோடு பக்கெட்டைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு, சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐந்து நிமிடம் கழித்து அந்தக் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம். அதிகம் இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ உள்கசிவு இருக்கிறது. இந்த ஐந்து நிமிடமும் பக்கெட்டுக்கு அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது.

அடுத்தது டார்க் கன்வர்ட்டர். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் ஓட்டத்தால் இணைக்கும் பாகம் இது. குவியலில் முட்டிச் சக்கரம் நின்றாலும் எஞ்சின் அணையாமல், இழுவிசையைப் பெருக்கித் தருவது இதுதான். பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியர் போட்டு, சில விநாடிகள் மட்டும் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று அனுபவமுள்ள மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்த எண்ணைவிடக் குறைந்தால் எஞ்சினில் தெம்பு இல்லை. கூடினால் கிளட்ச் வழுக்குகிறது.

ஹைட்ராலிக்கின் பெரிய எதிரி கண்ணுக்குத் தெரியாது. பம்பிலும் வால்விலும் உலோகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிரஷர் தூசு அந்த இடைவெளியில் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதனால் ஃபில்டரின் தரமும், அதை மாற்றுவது எவ்வளவு எளிது என்பதும் எஞ்சின் குதிரைத்திறனுக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளவை.

இரும்புக்கும் களைப்பு உண்டு

நிமிடத்துக்கு ஒரு பக்கெட், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். ஓராண்டில் 1,44,000 முறை, பக்கெட்டைத் தூக்கும் கையான பூம் வளைந்து நிமிர்கிறது. ஒரே முறையில் உடைக்க முடியாத சுமையும், லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பில் விரிசல் விழவைக்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளைச் சோதித்து இதை நிறுவினார்.

விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான் பிறக்கும். அதனால் ஷோரூமில் பளபளக்கும் புது வண்டியைவிட, அதே மாடலில் 5,000 மணி நேரம் ஓடிய ஒன்றைத் தேடிப் போய்ப் பார்ப்பது மேல். நடுமூட்டிலும் பூம் அடியிலும் பெயிண்ட் கீறி, துரு கோடாக இறங்கியிருக்கிறதா? சந்தேகம் வந்தால் பழைய ரயில் பட்டறை வழி ஒன்று உண்டு. வண்டி அணைந்து ஆறியிருக்கும்போது, பெயிண்டைச் சுரண்டி எடுத்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் ஊறி, வெள்ளையில் கறுப்புக் கோடு எழும்.

ஐந்து பாகங்கள், ஒரு தாள்

இந்தியாவில் 2025 ஜனவரி முதல் கட்டுமான வண்டிகளுக்குக் கடுமையான புகை விதிகள் வந்திருக்கின்றன. எஞ்சினோடு சென்சார்களும் மின்னணுக் கட்டுப்பாடும் கூடிவிட்டன. ஒரு சிறு சென்சார் பழுதானாலும் வண்டி தெம்பிழந்து நிற்கலாம். கோளாறைக் கண்டறியும் மென்பொருள் யாரிடம் இருக்கிறது, அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் விலையின் ஒரு பகுதிதான்.

பணம் கட்டுமுன் ஒரு தாளில் ஐந்து பாகங்களை எழுதுங்கள்: ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர் சீல் கிட், டார்க் கன்வர்ட்டர், நடுமூட்டுப் பின், எஞ்சின் சென்சார். விற்பவரிடம் சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளராக ஸ்பேர் கடைக்குப் போன் செய்து விலையையும் வரும் நாளையும் கேட்டு எதிரே குறியுங்கள். அதே மாடலை ஓட்டும் வேறு யார்டின் ஆபரேட்டரிடம் போய், கடைசியாக வண்டி நின்றபோது எத்தனை நாள் நின்றது என்று விசாரியுங்கள். பகல் முழுக்க அந்த சீட்டில் அதிர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அந்தத் தாளில் பெரும்பாலும் மணிக்கணக்கும் ஓரிரு நாட்களும் இருந்தால், பெயர் புதிதாக இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். வாரங்களும் மாதங்களும் இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். வண்டி நிற்கும் நாளிலும் கடன் தவணை நிற்காது.