வயல் வேலை இருக்க நடை எதற்கு?

“விடிஞ்சா வயல்லதானே கிடக்கிறேன், எனக்கு எதுக்குங்க தனியா நடை?” என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நடவும் களையெடுப்பும் வருஷம் முழுக்க இல்லையே! உழவுக்கு டிராக்டர், கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாகிவிட்டது.

இரத்தக் கொதிப்பு 140/90-ஐத் தாண்டினாலும் பலருக்குத் தலைசுற்றல்கூட வராது. உள்ளே இரத்தக் குழாய்கள் விறைத்துக்கொண்டே போகும். ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

வேகமாக நடக்கும்போது இரத்தம் குழாய்ச் சுவரை உரசி ஓடுகிறது. அந்த உரசலில் சுவரின் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. வாய்க்காலை அகலப்படுத்தினால் கரையில் தண்ணீர் மோதுவது தணியும் அல்லவா, அதுபோலத்தான். வாரம் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் நடந்துவந்தால், கொதிப்பு உள்ளவர்களுக்குச் சில வாரங்களில் மேல் அளவு 5 புள்ளிக்கு மேலும் குறையலாம். நடக்கையில் பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

ஊர் சிரிக்குமே என்று தயங்கும் தாய்மார்களே, கணவரோடு சேர்ந்தே கிளம்புங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் “அதான் நடக்கிறேனே” என்று தாமாக நிறுத்தக்கூடாது. நடக்கையில் நெஞ்சு வலித்தால் உடனே நின்று, மருத்துவரிடம் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பு அளக்கக் காசு வாங்குவதில்லை, இருவருமே அளந்துகொள்ளுங்கள்.