தவணை நாளும் மணிலா மூட்டையும்

செஞ்சி வட்டத்தில் அனந்தபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் கணக்குப் பார்க்கச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வட்டியில்லாக் கடன் என்றார்களே ஐயா, எனக்கு மட்டும் வட்டி ஏன்?"

2009-10ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பது உண்மையே. ஆனால் அச்சலுகை தவணை நாளுக்குள் செலுத்துவோர்க்கே உரியது. அவர்களுக்கான வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. நாள் தவறியவரின் வட்டி அவர் தலையில் விழுகிறது. 40,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் 2,800 ரூபாய். குடும்பமே கூடி உழைக்கும் இரண்டு ஏக்கர்க் குடியானவருக்கு இது சிறு தொகையன்று.

நாள் தவறுவதற்குச் சோம்பல் காரணம் என்று அலுவலகத்தில் அமர்ந்து சொல்வது எளிது. ஒரு மூதாட்டியார் தம் திண்ணையில் அடுக்கியிருந்த 25 மூட்டை மணிலாவைக் காட்டி, "இன்று விற்றால் விலை இல்லை, விற்காவிட்டால் தவணை போய்விடும்" என்றார். எல்லார் வீட்டு மூட்டையும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்?

இச்சிக்கல் பழையது. ரிசர்வ் வங்கி 1951இல் அமைத்த கோர்வாலா குழு, 1954இல் வெளியிட்ட அறிக்கையில், உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் அளவே என்று கண்டது. கடனையும் விற்பனையையும் பிணைக்க வேண்டும், கிடங்குகள் கட்ட வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது.

அதன் பயனை நாம் முழுதும் பெறவில்லை என்பது என் கருத்து. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். அத்தொகையால் பயிர்க்கடனைத் தீர்த்துவிட்டு, விலை கூடும்போது சரக்கை விற்கலாம். ஈட்டுக்கடனுக்கு வட்டி உண்டு. ஆயினும் மூட்டை கிடங்கில் இருக்கும் சில மாதங்களுக்கே. மணிலா நன்றாகக் காய்ந்திருத்தல் வேண்டும். ஈரமிருந்தால் பூசணம் பிடித்து எல்லாம் வீண். விலை ஏறியே தீரும் என்று நான் உறுதி கூற இயலாது.

அம்மூதாட்டியார் மேலும் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி மூட்டைகளைக் கிடங்கில் சேர்த்தார். தவணைக்கு மூன்று நாள் முன்னதாகவே கடனைச் செலுத்திவிட்டார். இதை எழுதும் இன்றுவரை அவர் ஒரு மூட்டையும் விற்கவில்லை.