நடிப்பைக் கற்பித்தலும் ஒரு கல்வியே

நுழையும்முன்

மேடையில் நின்று நடிப்பவரைக் காண்போர் பலர். அவரை அந்நிலைக்கு ஆயத்தப்படுத்திய ஆசிரியரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நடிப்பு பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருவதா என்னும் வினா பழையது. பயிற்சியால் வளர்வதே எனத் தமிழ் நாடக வரலாறு விடை கூறுகிறது. அவ்வாறாயின் பயிற்சி தருபவர் எதைக் கற்றிருக்க வேண்டும்? பாலர் நாடகக் குழுக்களில் தொடங்கிப் பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பு வரை இவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

உப்பளக் கரையில் ஓர் ஆசிரியர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் உள்ள ஊர் ஆறுமுகநேரி. இதனைச் சூழ்ந்த கடற்கரைப் பகுதி உப்பளங்களால் அறியப்படுவது. பகலெல்லாம் வெயிலில் உழைத்த மக்கள், கோயில் விழா நாள்களின் இரவில் ஆர்மோனிய ஒலி கேட்டதும் ஒன்றுகூடி, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் கண்டு மகிழ்வது தென்மாவட்டங்களின் நெடுநாள் வழக்கம். திருச்செந்தூர் முருகனை நாளும் நினைக்கும் மக்களுக்கு அது தம் வீட்டுக் கதை போன்றது.

அந்நாடகத்தை யாத்தவரும் இக்கரையைச் சேர்ந்தவரே. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் சங்கரதாசு சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்ற அவர், சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். தம் இருபத்து நான்காம் அகவையில் நாடகத்துறையில் நுழைந்தார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் முதலிய வேடங்களில் அவர் தோன்றியபோது அவையோர் நடுங்கினர் என்பர். தம் தோற்றத்தைக் கண்டு பெண்கள் அஞ்சித் துன்புற்ற நிகழ்ச்சிகளால் மனம் வருந்தி, அவர் வேடம் புனைவதையே கைவிட்டார் என்று கூறப்படுகிறது. அதன்பின் நாடகம் எழுதுவதும் நடிகர்களைப் பயிற்றுவதும் அவர்தம் பணிகளாயின. ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

பழந்தமிழர் கண்ட பயிற்சி

நிகழ்கலைப் பயிற்சி தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்படும் முறையை எண்வகையாகப் பகுத்துக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஐந்து அகவை முதல் ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் காட்டுகிறது. ஆடலாசிரியர், இசையாசிரியர், பாடலியற்றும் புலவர், தண்ணுமை முழக்குவோர், குழலூதுவோர், யாழிசைப்போர் ஆகியோர்தம் தகுதிகளையும் இளங்கோவடிகள் தனித்தனியே வரையறுத்துள்ளார். கற்பவருக்கு மட்டுமன்றிக் கற்பிப்பவருக்கும் இலக்கணம் வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தமையை இதனால் அறியலாம்.

பாலர் சபை என்னும் பள்ளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்கள் தோன்றின. அவை ‘பாய்ஸ் கம்பெனி’ என வழங்கப்பட்டன. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் தொடங்கினார். பிற்காலத்தில் ‘ஔவை’ சண்முகம் எனப் புகழ்பெற்ற தி.க. சண்முகம் ஆறு அகவைச் சிறுவராக அதில் சேர்ந்தார். அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். வெண்பா, விருத்தம், சிந்து முதலியன நிறைந்த சுவாமிகளின் நாடகங்களைச் சீர் பிறழாமல் பாடவும் வேண்டும். எனவே, பாடம் கேட்டு மனனம் செய்தல், உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுதல், இசை பயிலுதல், மூத்தோர் நடிப்பதை உற்றுநோக்குதல் ஆகியன அன்றாடப் பயிற்சிகளாயின. எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோரும் இளமையில் இத்தகைய குழுக்களில் உருவானவர்களே.

பெற்றதும் இழந்ததும்

இப்பயிற்சி தந்த பயன் பெரிது. அதற்குச் சிறுவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் அவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர். அடியும் வசையும் பயிற்சியின் பகுதியாகவே கருதப்பட்டன. பதின்மப் பருவத்தில் குரல் உடைவதை நாடக உலகினர் ‘மகரக்கட்டு’ என்பர். ‘ஸ்திரீபார்ட்’ வேடத்தில் புகழ்பெற்ற சிறுவனுக்கு மகரக்கட்டு நேர்ந்தால், அதுவரை ஏற்ற வேடம் கைவிட்டுப் போகும். பள்ளிக் கல்வியும் இல்லாத நிலையில் அவன் எதிர்காலம் கேள்விக்குறியாகும். பெண்களுக்கோ பயிற்சியின் வாயில் பெரும்பாலும் மூடியே இருந்தது. பெண்களைக் கொண்டு நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மையார் போன்றோர் அரிய விதிவிலக்குகள்.

படித்தவர்கள் நாடகத்தில் நடிப்பது இழிவு என்னும் எண்ணமும் அன்று நிலவியது. பம்மல் சம்பந்தனார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவி, கல்வி கற்றோரை மேடையேற்றி அவ்வெண்ணத்தை மாற்றினார். ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?’ என்னும் நூலையும் அவர் எழுதினார். வாய்மொழியாக இருந்த பயிற்சிமுறை நூல்வடிவம் பெறத் தொடங்கியது.

பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

1959-இல் புதுதில்லியில் தேசிய நாடகப் பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயின்ற செ. இராமானுஜம் தாம் கற்றதைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார். 1977-இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை தமிழின் நவீன நாடகத்திற்கு ஊக்கமளித்தது. அதே ஆண்டில் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து மரபும் அங்கு நவீன நடிகர்களுக்குப் பாடமாயிற்று.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை அமைந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அமைந்த நிகழ்கலைப் பள்ளிக்கு எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக விளங்கினார். அப்பள்ளி சங்கரதாசு சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ளது. சுவாமிகள் 1922-இல் மறைந்த ஊரும் புதுச்சேரியே. பள்ளிக் கல்வியை விட்டு வந்த சிறுவர்களுக்குக் கற்பித்தவரின் பெயரால், பட்டம் பெற்றோர் நாடகக் கலையை முதுநிலைப் பாடமாகப் பயில்கின்றனர்.

நடிப்பாசிரியர் கற்க வேண்டுவன

சிறந்த நடிகர் யாவரும் சிறந்த நடிப்பாசிரியர் ஆவதில்லை. தாம் செய்வதைப் பிறர்க்கு விளங்கவைப்பது தனித்திறன். அதற்கு நான்கு வகை அறிவு இன்றியமையாதது.

முதலாவது, உடலும் குரலும் பற்றிய அறிவு. மூச்சு எவ்வாறு குரலாகிறது, தொண்டையை வருத்தாமல் ஒலியை எவ்வாறு உயர்த்துவது என்பவற்றை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, நாடகப் பனுவலைப் பகுத்தறியும் திறன். மூன்றாவது, கற்பனையைத் தூண்டும் முறை. உருசிய நாட்டு இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ‘இச்சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்?’ என்னும் வினாவை நடிகர் தமக்குள் எழுப்பிக்கொள்ளப் பயிற்றினார். நான்காவது, பயில்பவரின் மனத்தையும் மதிப்பையும் காக்கும் பொறுப்பு.

இவை எவ்வாறு இணைகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சாவித்திரி எமனிடம் வாதிடும் காட்சியை ஒரு மாணவி நடிக்கிறாள் எனக் கொள்வோம். ‘இவ்வாறு அழு’ என ஆசிரியர் தாமே அழுதுகாட்டினால், மாணவி ஆசிரியரின் அழுகையை நகலெடுப்பாள். அவையோர் காண்பது சாவித்திரியை அன்று. மாறாக, ‘எமனிடமிருந்து சாவித்திரி பெற விரும்புவது யாது? அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அதற்கு எவ்வாறு உதவுகிறது?’ என்று ஆசிரியர் வினவினால், மாணவி கணவனின் உயிரை மீட்கும் முயற்சியில் ஈடுபடுவாள். அழுகையைத் தேட வேண்டியதில்லை. அடக்கிய துயர் அவள் குரலில் தானே வெளிப்படும். அச்சுறுத்தி அழவைப்பதும் சொந்தத் துயரைக் கிளறி அழவைப்பதும் பயிற்சி ஆகா.

கல்வியும் கலையும்

நாடகத்தை முதுநிலையில் பயின்றோர் மேடை, திரைப்படம், பின்னணிக் குரல், பள்ளி நாடகம், விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சி எனப் பல களங்களில் பணியாற்றலாம். எனினும் கலைத்துறை வருவாய் எந்நாளும் ஒரே சீராய் இருப்பதில்லை என்பதையும் இதனைத் தேர்ந்தெடுப்போர் உணர்தல் வேண்டும்.

அன்று நாடகத்திற்குள் நுழைந்த சிறுவன் பள்ளியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இன்று முதுநிலை நாடகக் கல்விக்குச் செல்லும் வழி பள்ளிக் கல்வியையும் இளநிலைப் பட்டத்தையும் கடந்தே செல்கிறது. அவ்வழி ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. குரல் மாறினாலும், வேடம் கிடைக்காமற் போனாலும் கற்ற கல்வி உடனிருக்கும். நடிப்பு கல்வியாக ஏற்றம் பெற்றதன் உண்மைப் பயன் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெற்ற நாடகங்கள் குறித்து முதியோரிடம் கேட்டறிந்து, ஒருபக்க அளவில் தொகுக்க.
2. ‘அடித்துத் திருத்துவது நல்ல பயிற்சியாகுமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. ஒரே உரையாடலைக் கெஞ்சுதல், கட்டளையிடுதல், ஐயுறுதல் ஆகிய நோக்கங்களில் பேசிக் காட்டி, குரலிலும் உடலிலும் நேரும் மாற்றங்களைக் குறிப்பிடுக.