இரட்டித்தால் இரட்டிக்குமா?

தோட்டக்காரர் ஒருவர் 8 அடி விட்டமும் 20 அடி ஆழமும் உடைய வட்டக் கிணறு ஒன்றை வெட்டுவதற்குக் கூலி பேசி முடித்திருக்கிறார். வேலை தொடங்குமுன் அவர் மனம் மாறுகிறது. “விட்டம் 16 அடியாக இருக்கட்டும், கூலியையும் இரட்டித்துத் தருகிறேன்” என்கிறார். கேட்பதற்கு நியாயமான பேச்சுத்தான். ஆயினும் அதற்கு இசைந்த வேலையாள் இரண்டு கிணறுகளின் கூலியைப் பெற்றுக்கொண்டு நான்கு கிணறுகளின் மண்ணை அள்ளவேண்டியவராவார்.

எப்படியெனில், 8 அடி விட்டமுள்ள வட்டத்தின் பரிதி ஏறக்குறைய 25 அடி. விட்டம் 16 அடியானதும் பரிதி 50 அடியாகிறது. சரியாக இரு மடங்கு. ஆனால் வட்டத்தின் பரப்பளவோ 50 சதுர அடியிலிருந்து 201 சதுர அடியாக உயர்கிறது. ஆழம் மாறாமையால், வெட்டி எடுக்கவேண்டிய மண்ணும் 1,005 கன அடியிலிருந்து 4,021 கன அடியாகிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே கிணற்றின் உட்புறத்தில் கல் கட்டும் மேசன் இரட்டைக் கூலி வாங்கினால், அவருக்கு நட்டம் இல்லை. அவருடைய சுவர் பரிதியைத் தொடர்ந்து செல்வது. வெட்டுபவரின் மண்ணோ பரப்பைத் தொடர்ந்து செல்வது. கிணறு ஒன்று, கணக்கு இரண்டு. (தோட்டக்காரருக்குக் கிடைப்பதும் நிற்கும் நீருக்கு நான்கு மடங்கு இடமேயன்றி, நான்கு மடங்கு ஊற்றன்று, சுரப்பின் வேகம் வேறு விடயம்.)

இதன் காரணம் எளிது. ஒரு சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால், நீளவாட்டில் இரண்டும் அகலவாட்டில் இரண்டுமாகப் பழைய சதுரங்கள் நான்கு அதனுள் அடங்கும். வட்டமாயினும் கோணல்மாணலான காணியாயினும், அதனை நுண்ணிய சதுரங்களாகப் பிரித்து எண்ணலாமாகையால், விதி மாறுவதில்லை. உயரமும் இரட்டிக்குமாயின் இரண்டு அடுக்குகள் சேர்ந்து எட்டு மடங்காகும். மேற்கூறிய கிணற்றை 40 அடி ஆழத்திற்கு வெட்டினால் அள்ளும் மண் 8,042 கன அடி. எல்லா அளவுகளையும் மும்மடங்காக்கினால் சுற்றளவு 3, பரப்பளவு 9, கனவளவு 27 மடங்கு என்று பெருகும்.

பண்டைக் கிரேக்கரிடையே வழங்கிய கதையொன்று இவ்விடத்துக்குப் பொருந்தும். டீலொஸ் தீவில் கொள்ளைநோய் பரவியபோது, சதுரமுகி வடிவான பலிபீடத்தை இரு மடங்காக்கும்படி தெய்வவாக்குப் பிறந்ததாம். பீடத்தின் ஒவ்வொரு விளிம்பையும் இரட்டித்தார்கள். பீடம் எட்டு மடங்காகிவிட்டது. வேண்டியதோ, விளிம்பை ஏறக்குறைய 1.26 மடங்காக்குவதுதான். அவ்வளவை வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய இயலாது என்பதை வாண்ட்செல் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1837 ஆம் ஆண்டில் நிறுவினார்.

பலிபீடம் அசையாப் பொருள். தன் பாரத்தைத் தானே சுமந்து நடக்கும் உடம்புக்கு இவ்விதி இன்னும் கடுமையானது. 1638 ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் வெளிவந்த நூலொன்றில் கலிலியோ இதனை ஆராய்ந்தார். ஒரு மனிதனை அதே உருவில் இரு மடங்கு உயரமாக்கினால், அவன் நிறை எட்டு மடங்காகும். அந்நிறையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். எனவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னையிலும் இரட்டைப் பாரத்தைச் சுமக்கவேண்டும். புராணக் கதைகளின் அரக்கர் மனித உருவிலேயே மலைபோல் வளர்ந்திருப்பாராயின், அவருக்கு நடப்பதே பெரும்பாடாயிருக்கும். யானையின் கால் மானின் காலைப் பெருக்கி எழுதியதுபோல் இராமல், தூண்போல் பருத்திருப்பதும் இதனாலேயே.

பெருக்கத்தில் பாரம் பகையாவதுபோல, சுருக்கத்தில் மேற்பரப்பு பகையாகின்றது. உடம்பின் வெப்பம் பெரும்பாலும் தோலின் வழியே வெளியேறுவது. குறைமாதத்தில் 1 கிலோ நிறையுடன் பிறந்த சிசுவையும் 64 கிலோ நிறையுள்ள தாயையும் எடுத்துக்கொள்க. இருவருடைய உருவமும் ஒத்ததெனக் கொண்டால், தாயின் நீள அளவுகள் சிசுவினுடையவற்றைப்போல் 4 மடங்கு. தோலின் பரப்பு 16 மடங்கு. நிறை 64 மடங்கு. அதாவது, ஒரு கிலோ நிறைக்குத் தாய்க்கு உள்ள தோலிலும் நான்கு மடங்கு தோல் சிசுவுக்கு உண்டு. உண்மை உடம்புகளிலும் இக்கணக்கு அதிகம் தவறுவதில்லை. தாய்க்கு இதமாயிருக்கும் அறையில் சிசு குளிர்ந்து போவது இதனால்தான். தோலின்கீழ்க் கொழுப்புக் குறைவாயிருத்தல் அதனுடன் சேரும்போது, அக்குளிர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பிறந்த குழந்தையை உடனே ஈரம் துடைத்துத் தலைக்குத் தொப்பி அணிவிப்பது ஏன் என்பது இனி விளங்கும். சிசுவின் உடம்பில் தலை பெரும்பங்கு. அதனை மூடுவது வெப்பம் தப்பும் பரப்பில் கணிசமான பகுதியை மூடுவதாகும். தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத மருத்துவமனையொன்றில், 1978 ஆம் ஆண்டளவில் மருத்துவர் எட்கார் ரே வேறொரு வழியைக் கையாண்டார். குறைமாதச் சிசுவைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி வைத்துக் கட்டினர். கங்காரு முறை என்று பின்னர் பெயர்பெற்ற அது, இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. அவ்வாறு அணைத்த வேளையில் சிசுவின் முன்புறம் காற்றுக்குத் திறந்திருப்பதில்லை. அதன் சின்னஞ்சிறு உடம்பு தாயின் பேருடம்போடு சேர்ந்து ஒன்றாகி, அவள் வெப்பத்திலேயே தங்கியிருக்கிறது.